பாட்டில் வந்த இருபத்து மூன்று பேர்

தைசியா பாவ்லவ்னாவுக்குக் குரல் பெரிது. எங்கள் வெர்பினோ செங்கல் தொழிற்சாலையில் இருபது வருடமாக கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேலே கூண்டுக்குள்ளிருந்து அவள் "தள்ளி நில்லுங்கடா!" என்று கத்தினால் ஆற்றுக்கு அக்கரையில் மீன் பிடிக்கிறவர்களும் ஓரடி தள்ளி நிற்பார்கள் என்று ஊரில் கேலி செய்வோம். நான் தொழிற்சாலை மன்றத்தில் படம் ஓட்டுகிறவன். மைக், ஒலிபெருக்கி, ஒலிநாடா எல்லாம் என் பொறுப்பு. அவளை நான் தாஸ்யா அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

போரின்போது அவள் படையில் காயம் கட்டும் பெண்ணாக இருந்தாள். நாற்பத்து மூன்றாம் வருடம் பிப்ரவரியில், பத்தொன்பது வயதில், எங்கள் ஆற்றங்கரைக்கே வந்து சேர்ந்தாள். அக்கரைக் குன்றில் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். உறைந்த ஆற்றைக் கடந்து அந்தக் குன்றைப் பிடிக்க முதலில் அனுப்பப்பட்டது தண்டனைப் படை. உத்தரவை மீறியவர்கள், எதிரியிடம் பிடிபட்டுத் தப்பி வந்த ஒரே காரணத்தால் சந்தேகத்துக்கு ஆளானவர்கள், ஊரில் சின்னத் திருட்டு செய்து மாட்டியவர்கள், எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்த படை அது. மறைந்து நிற்க ஒரு புதர்கூட இல்லாத பனிமேல் நடந்துபோய், நண்பகலுக்குள் குன்றைப் பிடித்துவிட்டார்கள்.

தைசியா அன்று முழுக்க சறுக்குவண்டியில் காயம்பட்டவர்களை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் தூங்கினால் எழ மாட்டார்கள். அதனால் இழுத்துக்கொண்டே கேட்பாளாம்: "பேரென்ன? எந்த ஊரு? மறுபடி சொல்லு. இன்னொரு தடவை சொல்லு." அப்படிச் சொல்லிக்கொண்டே இறந்தவர்கள் இருபத்து மூன்று பேர். எல்லாரையும் குன்றின் மேல் ஒரே குழியில் புதைத்தார்கள். எந்தத் தாளிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை. அவள் மண்டைக்குள் மட்டும் இருந்தது. போர் முடிந்ததும் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டாள். வேலைக்கு வந்ததும், முதல் சுமையைத் தூக்குவதற்கு முன்னால், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து அந்த இருபத்து மூன்று பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுவாள். கீழே நிற்பவர்களுக்கு அது ஏதோ முணுமுணுப்பாகக் கேட்கும்.

எழுபத்து ஐந்தாம் வருடம் வெற்றியின் முப்பதாம் ஆண்டு. குன்றின் மேல் பெரிய நினைவுச்சின்னம் எழும்பிக்கொண்டிருந்தது. கிரானைட் பலகைகளில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களைச் செதுக்கினார்கள். அந்த இருபத்து மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. தைசியா ஒரு நோட்டுத் தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துப்போனாள்.

நினைவுச்சின்னத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வலேரியன் மகாரவிச் சுப்கோவ். கெட்டவர் இல்லை. காகிதம் இல்லாமல் மூச்சு விடத் தெரியாதவர், அவ்வளவுதான். தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இவங்க எந்தப் படை?"

"தண்டனைப் படை."

அப்படி ஒரு படை இருந்ததாகவே அந்த நாளில் வெளியே பேசக் கூடாது. சுப்கோவ் பேனாவைக் கீழே வைத்தார். "தைசியா பாவ்லவ்னா, நீங்க அதைச் சொல்லல. நான் அதைக் கேக்கல."

"நான் சொன்னேனே. உங்க காது நல்லாத்தானே இருக்கு, தோழர் சுப்கோவ்?"

"ஒரு ஆவணம் வேணும். மரண அறிவிப்போ, படைப் பதிவேடோ, ஏதாவது ஒண்ணு. உங்க ஞாபகத்தை நான் கல்லுல செதுக்க முடியாது."

"அவங்க என் ஞாபகத்துலயா செத்தாங்க? என் கையில செத்தாங்க."

சுப்கோவ் தாளை இரண்டாக மடித்து, மரியாதையாகவே, திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஏப்ரலில்தான் சவேலி லுகானின் எங்கள் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்தது. மாஸ்கோவில் நாடக நடிகர். பாட்டெழுதி கிதார் வாசித்துப் பாடுவார். மேலிடத்துக்கு அவர் பாட்டு பிடிக்காததால் வானொலியில் அவர் குரல் வராது, அவர் பாட்டுக்கு இசைத்தட்டும் கிடையாது. ஆனாலும் அவர் குரலைத் தெரியாத வீடு நாட்டில் இல்லை. ஒருவர் பதிவு செய்த நாடாவை இன்னொருவர் நகலெடுத்து, அதை வேறொருவர் நகலெடுத்து, இரைச்சலுக்குள் தேடித்தான் பாட்டைக் கேட்க வேண்டியிருக்கும். போர்ப் பாட்டுகளை அவர் சிப்பாயே பேசுவது போலப் பாடுவார். உறைந்த ஆற்றின் மேல் நடந்துபோகும் தண்டனைப் படையைப் பற்றியும் ஒரு பாட்டு இருந்தது.

"அவன் நம்மாளு" என்றாள் தைசியா. "காலடியில பனி எப்படி முனகும்னு அங்க நடக்காதவனுக்குத் தெரியாது, யெகோர். எந்தப் படையில இருந்தான்னு கேக்கணும்."

எங்கள் தொழிற்சாலை இயக்குநருக்கு லுகானின் என்றால் உயிர். 'நாடகக் கலைஞருடன் ஒரு சந்திப்பு' என்று பலகையில் எழுதி, ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஏற்பாடு செய்திருந்தார். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நான் லுகானினுக்குத் தேநீரும் முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டியும் வைத்தேன். ஆள் ஒல்லி. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்குத் திக்குவாய். நாடாவில் ஒரு தடவைகூட அது கேட்டதில்லை.

கதவு தட்டாமலே திறந்தது. பதக்கங்கள் குத்திய கோட்டோடு தைசியா நின்றாள்.

"எந்தப் படை?" என்றாள்.

"எ...என்ன?"

"போர்ல நீங்க எந்தப் படையில இருந்தீங்கன்னு கேட்டேன்."

லுகானின் ரொட்டியைத் தட்டில் வைத்தார். இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "போர் தொடங்கினப்போ எனக்கு மூ...மூணு வயசு."

தைசியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்போ பொய்யா பாடினே?"

"நான் வளந்த வீட்டுல ஒரே சமையலறை, ப...பதினோரு குடும்பம். போர்லேந்து திரும்பினவங்க ஒன்பது பேரு. என்னால சரியாப் பேச முடியாது. அதனால அவங்க பே...பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"நல்லாத்தான் கேட்டிருக்கே" என்றாள் அவள். பிறகு கைப்பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்தாள். "மேடையில இதைப் படி. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேரையும் ஊரையும் மட்டும் படி."

நடந்ததை எல்லாம் அவள் சொல்லச் சொல்ல, லுகானின் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு சிரித்தார். வருத்தமான சிரிப்பு.

"ப...படிக்கவா? நானா? முதல் பேருலயே பொழுது சா...சாஞ்சிடும்."

"பாடும்போது திக்கலையே. பாடு."

"இதுல பாட்டு எங்க இருக்கு? வெறும் பேரு."

"வெறும் பேரா?" தைசியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கூண்டுக்குள் சொல்வது போலவே சொல்லத் தொடங்கினாள். "த்யாகுன் ஓசிப், பொல்தாவா. கெலாஷ்வீலி வாஹ்தாங், தெலாவி. சுலைமானவ் ரஃபிக், கஸான்..." சறுக்குவண்டியை ஒரு இழுப்பு இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்த அதே ஏற்ற இறக்கம் முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவது பெயரில் லுகானினின் விரல் மேசையைத் தட்ட ஆரம்பித்தது.

"இ...இன்னொரு தடவை" என்றார் அவள் முடித்ததும். மூன்றாவது தடவை அவள் சொன்னபோது கிதார் மடியில் இருந்தது. நிகழ்ச்சி தொடங்க இன்னும் இருபது நிமிடம்.

மன்றத்தில் உட்கார இடமில்லை. சன்னல் விளிம்புகளிலும் ஆட்கள். மேடை ஓரமாகப் பதினோரு பேர் ஒலிப்பதிவுப் பெட்டிகளோடு குந்தியிருந்தார்கள். என் பெட்டி தனி. சுப்கோவ் முதல் வரிசையில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லுகானின் ஒன்றரை மணி நேரம் பாடினார். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் அந்தத் தாளை மைக் கம்பியில் குத்திவைத்தார்.

"வெர்பினோ ஆற்றங்கரையில்" என்று ஆரம்பித்தார். அடுத்து பெயர்கள் வந்தன. பெயர், ஊர். பெயர், ஊர். ஐந்து பெயருக்கு ஒருமுறை மறுபடி வெர்பினோ ஆற்றங்கரை. அழுத்திப் பாடவில்லை. ஒருவரை இழுத்துக்கொண்டு போகிறவன் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவது போலப் பாடினார். ஏழாவது பெயரில் பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்றார். பத்தாவது பெயரில் பாதி மன்றம் நின்றது. கடைசிப் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தவர் சுப்கோவ் ஒருவர்தான். அவரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அப்படியே நின்றோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் சுப்கோவ் என் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தக் கடைசிப் பாட்டு நிகழ்ச்சி நிரல்ல இல்ல. நாடாவை அழிச்சிடு, யெகோர். என் கண்ணு முன்னால அழி."

அவர் கண் முன்னாலேயே ஒரு நாடாவை அழித்தேன். அதில் தீயணைப்புப் படையின் பித்தளை வாத்திய இசை இருந்தது. எந்த நாடா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மற்ற பதினோரு நாடாக்களும் அதற்குள் மோட்டார் சைக்கிளிலும் ரயிலிலும் ஏறிப் போய்விட்டிருந்தன.

லுகானின் எங்கள் பக்கத்தில் பாடவிருந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ரத்தாயின. தைசியாவின் பெயரை மலர்வளையம் வைக்கும் பழைய வீரர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெற்றி நாளான மே ஒன்பதாம் தேதி நினைவுச்சின்னம் திறந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், வாத்திய இசை, பேச்சு எல்லாம் இருந்தது. தைசியா கூட்டத்தின் கடைசியில் நின்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் முதல் கடிதம் வந்தது. உறையில் முகவரி இப்படி இருந்தது: 'வெர்பினோ, பாட்டில் வரும் ஆற்றங்கரை, பெயர்கள் தெரிந்தவருக்கு.' தபால்காரப் பெண் யோசிக்கவே இல்லை. நேராக கிரேனுக்கு அடியில் வந்து நின்று கத்தினாள்.

எழுதியிருந்தது பொல்தாவாவிலிருந்து த்யாகுன் ஓசிப்பின் மகள். பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் நாடா போட்டிருக்கிறார்கள். வெர்பினோ ஆற்றங்கரை என்று ஆரம்பித்ததும் முதலில் வந்தது அவள் அப்பா பெயர். 'அம்மா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். அப்பா காணாமல் போனார் என்றுதான் எங்களுக்கு எழுதியிருந்தார்கள். எதிரியிடம் ஓடிப்போயிருப்பான் என்று ஊரில் பேசினார்கள். முப்பத்திரண்டு வருடம் அம்மா தலைகுனிந்தே கடைக்குப் போய்வந்தாள். அந்த நாடாவை வாங்கி வந்து சன்னலைத் திறந்துவைத்துத் தெரு முழுக்கக் கேட்கும்படி மூன்று நாள் போட்டோம்.' கடிதத்தோடு ஓசிப் போர்முனையிலிருந்து எழுதிய கடைசித் தாளும் இருந்தது.

பிறகு தெலாவியிலிருந்து ஒன்று. கஸானிலிருந்து இரண்டு. சுரங்கத்தில், கப்பலில், மாணவர் விடுதியில் என்று யார் யாரோ நகலெடுத்த நாடாக்களிலிருந்து தங்கள் அப்பாவையும் அண்ணனையும் கண்டுபிடித்தவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் பதினாறு பேருடைய குடும்பங்கள் எழுதிவிட்டன. தைசியா அத்தனையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சுப்கோவிடம் போனாள்.

அவர் ஒவ்வொன்றையும் படித்தார். பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் சொன்னார்: "இவங்க இருந்தாங்கங்கிறதுக்கு இதெல்லாம் ஆதாரம். இங்கதான் செத்தாங்கங்கிறதுக்கு? நீங்க ஒருத்தர்தான் சாட்சி. மேலிடத்துல கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்?"

"செத்தவங்களையா எழுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

நவம்பர் முதல் வாரத்தில் அல்தாய் மலைப்பக்கத்திலிருந்து ஒரு தந்தி வந்தது.

'நான் சாகவில்லை. வருகிறேன். கோலொபவ்.'

கோலொபவ் அந்தீப், தாம்போவ். பட்டியலில் பதினொன்றாவது பெயர்.

நான் ரயில் நிலையத்திலிருந்து அவரைக் கூட்டிவந்தேன். தாடி வைத்த பெரிய உடம்பு, ஒரு கை இல்லை, மறு கையில் தேன் நிறைந்த தகர டப்பா. தைசியா கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ செத்துட்டே" என்றாள்.

"தெரியும். பாட்டுலயே கேட்டேனே."

"நானே உன் கண்ணை மூடினேன்!"

"மூடினே. பிணங்களோட என்னையும் குழிக்குத் தூக்கறப்போ நான் முனகியிருக்கேன். தூக்கினவன் பயந்து கீழ போட்டான். எட்டு மாசம் ஆஸ்பத்திரி." அவர் டப்பாவை அவள் கையில் கொடுத்தார். "ஏன் பொழச்சேன் தெரியுமா? பேரு சொல்லு, ஊரு சொல்லுன்னு நீ என்னைத் தூங்கவே விடல. அந்தக் கோவத்துலதான்."

தைசியா தேன் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, அழுகை நிற்பதற்கு முன்பே, "ஆவணம் ஏதாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"வெச்சிருக்கேனாவா? ஒவ்வொரு வேலைக்கும் அதைத்தானே கேட்டாங்க!"

மறுநாள் காலை மூன்று பேரும் சுப்கோவ் முன்னால் நின்றோம்.

"இவர் யாரு?" என்றார் சுப்கோவ்.

"உங்க பட்டியல்ல பதினொண்ணாவது பிணம்" என்றார் கோலொபவ். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த்துணியில் சுற்றிய தாளை ஒற்றைக் கையாலேயே பிரித்து மேசையில் வைத்தார். தனித் தண்டனைப் படையைச் சேர்ந்தவர், வெர்பினோ குன்றுப் போரில் பிப்ரவரி பதினான்காம் தேதி படுகாயம் அடைந்தவர், குற்றத்தை ரத்தத்தால் கழுவியவர், பதவி திரும்ப அளிக்கப்படுகிறது. கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது.

சுப்கோவ் அதை இரண்டு தடவை படித்தார். முத்திரையை விரலால் தடவினார். அவர் தோள்கள் தளர்ந்தன. "இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றார் மெதுவாக.

"அப்போ உங்க வசதிக்காகத்தான் நான் பொழச்சேன் போல."

"பதினாறு குடும்பம் எழுதியிருக்கு. மீதி ஆறு பேருக்கு ஒண்ணுமே இல்லையே, தோழர் கோலொபவ்."

கோலொபவ் மேசைமேல் சாய்ந்தார். "ஒரே பனியில சேர்ந்துதான் நடந்தோம். ஆறு பேரை மட்டும் ஆத்துலயே விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

சுப்கோவ் சன்னலைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "படையோட பேரு கல்லுல வராது. அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

"இழுத்துட்டு வர்றப்போ அவங்க என்கிட்ட படையைச் சொல்லல" என்றாள் தைசியா. "பேரும் ஊரும்தான் சொன்னாங்க. அதைச் செதுக்குங்க."

எழுபத்து ஆறு மே ஒன்பது. குன்றின் மேல் புதுப் பலகை, இருபத்து இரண்டு பெயர்கள். ஒன்பது ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்திருந்தன. தைசியாவின் வீட்டில் இடம் போதாமல் மன்றத்தின் மேடையிலும் படுக்கை விரித்தோம். லுகானினுக்கு நான் கடிதம் போட்டிருந்தேன். செங்கல் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மேடைக்கு அழைத்தால் வரமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டுக் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டார்.

சுப்கோவ் சுருக்கமாகப் பேசித் துணியை விலக்கினார். அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது தைசியா மூச்சை இழுத்து, கிரேனிலிருந்து கத்தும் அதே குரலில் ஆரம்பித்தாள். "வெர்பினோ ஆற்றங்கரையில்..." த்யாகுனின் மகள் சேர்ந்துகொண்டாள். கஸான்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். நாடாவைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் வரிசை மனப்பாடம். முந்நூறு பேர் ஒரே மூச்சில் பெயர்களை இழுத்துக்கொண்டு போனோம். ஆற்றின் மேல் அந்தச் சத்தம் போய் மோதித் திரும்பி வந்தது. பதினொன்றாவது பெயர் வந்தது. "கோலொபவ் அந்தீப், தாம்போவ்!"

"இங்கதான்யா இருக்கேன்!" என்று ஒரு முழக்கம்.

ஒரு கணம் பாட்டு அறுந்தது. பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. கண்ணீரோடு, வயிறு குலுங்க, கல்லறையின் மேல் நின்று சிரித்தோம். சுப்கோவ்கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பன்னிரண்டாவது பெயரைத் தொடர்ந்தோம். திரும்பிப் பார்த்தேன். லுகானின் மட்டும் பாடவில்லை. கிதாரை உறையிலிருந்து எடுக்காமல், தோளில் அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஜார்ஜியாவின் தெலாவியிலிருந்து வந்த கெலாஷ்வீலியின் மனைவி பலகை முன் மண்டியிட்டாள். தன் தோட்டத்துத் திராட்சை மதுவைக் கல்லின் காலடியில் ஊற்றினாள். கணவன் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் தடவினாள்.

"அவர் கடைசியா என்ன சொன்னாரு?" என்று தைசியாவைக் கேட்டாள்.

"பேரும் ஊரும்தான்மா. ஊர்ப் பேரை மட்டும் கேக்காமலே ரெண்டாம் தடவையும் சொன்னாரு."

அந்தப் பெண் எழுந்து தைசியாவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

குன்றுச் சரிவில் பலகைகளைப் போட்டு நீளமாக மேசை அமைத்திருந்தோம். கறுப்பு ரொட்டி, உப்பு மீன், ஊறிய வெள்ளரி, ஜார்ஜியப் பாலாடைக்கட்டி, அல்தாய்த் தேன். கோலொபவ் லுகானினைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"தம்பி, கல்லுலேந்து என்னை எடுத்துட்டாங்க. பாட்டுலேந்தும் எடுத்துடு. ஊர் ஊரா என்னைச் சாகடிச்சிட்டிருக்கே."

"மு...முடியாது, அந்தீப் அண்ணே."

"ஏன் முடியாது?"

"உங்களை எடுத்தா மெ...மெட்டு நொண்டும்."

கோலொபவ் யோசித்தார். இருந்த ஒரே கையால் ஓட்காவை ஊற்றி அவரிடம் நீட்டினார். "சரி, இருந்துட்டுப் போறேன். ஆனா என் பேரை நீ பாடறப்போ கூட்டத்துல யாராவது ஒருத்தன் 'இருக்கேன்'னு சொல்லணும். அதையும் பாட்டுல சேத்துடு."

லுகானின் தலையாட்டினார். அன்று முதல் அந்தப் பாட்டைப் பாடிய ஒவ்வொரு ஊரிலும், பதினொன்றாவது பெயர் வந்ததும் கையை உயர்த்திக் காத்திருப்பார். மன்றம் முழுக்க எழுந்து நின்று, "இருக்கேன்!" என்று கத்தும்.